காஸ்ரிக் என்று கடந்துவிடாதீர்கள்

திருகோணமலையில் பெரியப்பாவின் அந்தியேட்டிக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: கணையப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?

கடினம். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. சிறிய கட்டி கைக்குத் தட்டுப்படாது, பெரும்பாலும் வலிக்கவும் செய்யாது. செங்கண்மாரி தெரியும்போது பலருக்கு நோய் பரவியிருக்கும்.

இந்நோய் இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய சிஏ 19-9 என்ற பொருளை அளக்கும் பரிசோதனையை மட்டும் நம்பாதீர்கள். பித்தக்குழாய் அடைபட்டாலே அது உயரும். சிலருக்குப் புற்றுநோய் இருந்தும் உயராது. கட்டி இரத்தத்தில் விடும் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் சோதனைகள் இன்னும் ஆய்வில் இருக்கின்றன. எனக்கு அதிக நம்பிக்கை தருபவை ஸ்கான்கள்தான். வாய்வழியே குழாய் செலுத்தி உள்ளிருந்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட், மிகச் சிறிய கட்டியையும் காட்டக்கூடியது. சாயமருந்து ஏற்றாத சாதாரண சிடி ஸ்கானிலேயே செயற்கை நுண்ணறிவு கணையக் கட்டியை இனங்காண்பதை 2023இல் சீன ஆய்வாளர்கள் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். படித்தபோது மனம் நிறைந்துவிட்டது.

எல்லோரும் ஸ்கானுக்கு ஓட வேண்டியதில்லை. நெருங்கிய இரத்த உறவில் ஒருவருக்கு மேல் இந்நோய் வந்திருந்தாலோ, புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ2 என்ற பரம்பரை மரபணு மாற்றம் இருந்தாலோ வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக நீரிழிவு வந்து, காரணமின்றி உடலும் மெலிந்தால், காஸ்ரிக் மாத்திரையோடு இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து.

அப்பாவையும் சித்தப்பாவையும் அடுத்த வாரம் வைத்தியரிடம் கூட்டிப்போகிறேன். அப்பப்பாவும் இதே நோயால்தான் இறந்தார்.