கேஸ் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது

மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் கோழி, மீன் மொத்த வியாபாரம் செய்பவர்களில் சிலர், கப்பலில் ஓடி ஓய்ந்த ரீஃபர் கொள்கலனை, அதாவது குளிரூட்டும் இயந்திரம் பொருத்திய சரக்குப் பெட்டியை வாங்கிக் கடைக்குப் பின்னால் இறக்கி, அதையே குளிரறையாக வைத்துக்கொள்கிறார்கள். கிள்ளான் துறைமுகம் அருகில் இருப்பதால் பெட்டி கிடைப்பதில் சிரமமில்லை. அதைப் பராமரிப்பதில்தான் சிரமம். குளிர் குறைந்ததும் எனக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "அண்ணே, கேஸ் முடிஞ்சிருச்சு போல, வந்து போட்டு விடுங்க."

கேஸ் என்பது லோரிக்கு ஊற்றும் டீசலைப் போல எரிந்து தீரும் பொருள் அன்று. கேஸை அழுத்தும் கம்ப்ரசர், வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு, உள்ளே குளிரைத் தரும் எவாபரேட்டர் ஆகிய நான்கையும் இணைக்கும் மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் திரும்பத் திரும்பக் கேஸ் போடுவது காசைக் காற்றில் விடுவதாகும். பழைய பெட்டிகளில் பரவலாக உள்ள ஆர்134ஏ என்ற கேஸ், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது என்பதால், பாதிப்பு கடைக்காரரோடு நின்றுவிடுவதும் இல்லை.

உண்மையில், பல இடங்களில் கேஸ் குறைந்திருப்பதே இல்லை. ஆகவே அழுத்தம் பார்க்கும் கேஜைக் கையில் எடுப்பதற்கு முன் நான் பார்ப்பது கண்டென்சரின் குழாய்ச் சுருளான காயிலைத்தான். தோட்டத்துச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் கிளப்பும் செம்மண் புழுதி, காற்று நுழையும் பக்கத்து அலுமினியத் தகடுகளுக்கிடையே கம்பளம் விரித்ததுபோல் படிந்துவிடும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் அடிக்கடி நின்றுபோகும். காற்று செல்லும் திசைக்கு எதிர்த் திசையிலிருந்து, மிதமான வேகத்தில் நல்ல தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவினால் போதும். கார் கழுவும் அழுத்தக் குழாயை நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கிக்கொள்ளும். பிறகு அவற்றைச் சீப்புப் போட்டு ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்தது எவாபரேட்டர். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போய் அந்தக் காயிலில் பனியாக உறைகிறது. ஹீட்டர் அதை உருக்கினாலும், உருகிய நீர் வடிகுழாய் வழியே வெளியேறினால்தான் வேலை முடியும். மீன் செதிலும் இறகும் அடைத்த வடிகுழாயில் நீர் தேங்கித் தரையில் வழிந்து, டி வடிவ அலுமினியத் தண்டவாளங்களுக்கிடையே பாளமாக உறைந்துவிடும். ரீஃபரில் குளிர்காற்று அந்த இடைவெளிகள் வழியாகத்தான் கீழிருந்து மேலே வருகிறது. அவை அடைபட்டால் எத்தனை கேஸ் இருந்தும் பயனில்லை. உறைநிலைச் சரக்கு வைப்பவர்கள் வெளிக்காற்றுத் துவாரத்தை இறுக மூடியிருக்கிறார்களா என்பதையும் உடனே பார்த்துவிட வேண்டும்.

சரக்கு அடுக்கும் முறையிலும் கோளாறு உண்டு. இந்தப் பெட்டி குளிர்ந்த சரக்கைக் குளிர் குறையாமல் காப்பதற்காகச் செய்யப்பட்டதே தவிர, சூடானதைக் குளிரவைப்பதற்காக அன்று. அறுத்த கோழியைச் சூடு ஆறாமல் ஏற்றி, சுவரில் உள்ள சிவப்புக் கோட்டுக்கு மேலும் அடுக்கிக் காற்று திரும்பும் வழியை மறித்துவிட்டு, மறுநாள் இயந்திரத்தைக் குறைசொல்வது நியாயமில்லை.

கதவு ரப்பரைச் சோதிக்க, ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். எளிதில் வந்துவிட்டால் அங்கே காற்று போகிறது. இதற்கு ஒரு ரிங்கிட், ஐந்து ரிங்கிட் நோட்டுகள் உதவா. அவை பிளாஸ்டிக் என்பதால் வழுக்கும். வெப்பநிலை சென்சார் சரியா என்று அறிய, நொறுக்கிய ஐஸில் சிறிது நீர் விட்டுக் கலக்கி அதில் முனையை அமிழ்த்த வேண்டும். சற்று நேரத்தில் திரை 0 டிகிரியைக் காட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கேஸ் குறைவுதான் என்று உறுதியானால், மிச்சக் கேஸை உருளையில் மீட்டுக்கொண்டு, நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேட வேண்டும். அடைத்த பின், குழாய்க்குள் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரைத் தவறாமல் மாற்ற வேண்டும். கம்ப்ரசரில் பயன்படும் பாலியோல் எஸ்டர் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்தால் அமிலமாகி மோட்டார் சுருளை அரிக்கும். அதனால்தான் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வாக்யூம் பம்பை, உள்ளழுத்தம் 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை இறங்கும்படி ஓடவிட்டு, நிறுத்திய பின்னும் முள் ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்க்கிறேன். "போதும் அண்ணே, மழை வருது" என்று அவசரப்படுத்தினால் அந்த வேலையை ஒத்திவைத்துவிடுவேன்.

மின்பகுதியில் முதலில் பழுதாவது 32 ஆம்பியர் பிளக். முனைத் திருகு தளர்ந்தால் சூடேறிக் கருகும், ஒரு ஃபேஸில் (மூன்று மின்கம்பிகளில் ஒன்றில்) மின்சாரம் நின்றுபோகும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே கைவைக்க வேண்டும். பனி உருக்கும் நேரத்தில் மட்டும் பிரேக்கர் விழுந்தால் ஹீட்டரைச் சந்தேகித்து, மின்கசிவைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்குமுன் கன்ட்ரோலர் இணைப்புகளைக் கழற்றிவிட வேண்டும். மெகர் செலுத்தும் 500 வோல்ட் அந்தக் கன்ட்ரோலர் பலகைக்கு ஆகாது. புதுப் பலகையின் விலை கடைக்காரருக்கும் ஆகாது.