பாத்ரூம் டைல்ஸ் இடுக்குக்கு சீலர்

டைல்ஸ் நிறத்துக்கும் டிசைனுக்கும் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். இடுக்கில் அடைக்கும் கிரவுட்டை மட்டும் மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறோம். பாத்ரூமில் முதலில் கறுத்துப்போவது அந்த இடுக்குதான்.

சிமெண்ட் கிரவுட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். சோப்புத் தண்ணீரையும் எண்ணெயையும் அப்படியே குடித்துவிடும். சந்தேகம் இருந்தால், நன்றாகக் காய்ந்த இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சரி. உறிஞ்சி அந்த இடம் கறுத்தால், தண்ணீரும் கறையும் உள்ளே இறங்காமல் தடுக்கும் திரவமான சீலரைப் பூசியே ஆக வேண்டும். சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரவுட் போட்டிருந்தால் இந்த வேலையே இல்லை.

குளிக்கும் இடத்துக்கு, உள்ளே ஊறி இறங்கும் பெனிட்ரேட்டிங் சீலரைத்தான் சொல்வேன். மேலே படலமாக நிற்கும் வகை சீலர், அடியில் ஈரம் சிக்கினால் உரிந்து வரும்.

பூசும்முன் கறையைத் தேய்த்து எடுத்து, முழுக்கக் காயவிடுங்கள். புது கிரவுட் என்றால் டப்பாவில் போட்டிருக்கும் நாள் வரை பொறுங்கள். சின்ன பிரஷ்ஷால் இடுக்கோடு இழுத்துப் பூசி, டைல்ஸ் மேல் வழிந்ததை 5, 10 நிமிடத்துக்குள் துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் மங்கலான திட்டாக ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் லேசில் போகாது.

அப்புறம், தயவுசெய்து ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். சீலர் இருந்தாலும் ஆசிட் சிமெண்டை அரிக்கும். கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் கசிந்தால் அதற்கும் சீலர் மருந்தல்ல. தரைக்கு அடியில் வாட்டர்ப்ரூஃபிங்கைத்தான் பார்க்க வேண்டும்.