சங்கு ஊதாத ஊர்

ஜூலை 27, ஞாயிறு

அக்கா மகன் போலந்தில் வூச் என்ற ஊரில் படிக்கிறான். சாயங்காலம் வீடியோ காலில் ஒரு இடத்தைச் சுற்றிக் காட்டினான். போஸ்னான்ஸ்கி என்ற முதலாளியின் பருத்தி ஆலையாம். சிவப்புச் செங்கல், வரிசை வரிசையாக ஜன்னல், பார்த்தால் கோட்டை மாதிரி. ஆலை போனபின் பூட்டிக் கிடந்ததை 2006-ல் 'மனுஃபக்டூரா' என்று திறந்துவிட்டார்கள். கடைகள், தியேட்டர், நடுவில் பெரிய திடல். நெசவுக் கூடம் இப்போது நவீன ஓவிய அருங்காட்சியகம். நூற்புக் கட்டடம் ஓட்டல். தீப்பிடித்தால் அணைக்க மேலே வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியை நீச்சல் குளமாக்கியிருக்கிறார்கள்.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். எங்கள் புதுச்சேரியின் ரோடியர் மில்லில் முப்பத்தைந்து வருடம் தறி ஓட்டியவர்.

"தறி ஓடுதா?"

"இல்ல தாத்தா, படம் மாட்டியிருக்காங்க."

"நெசவுக் கூடம்னு சொன்னியே?"

அவன் சிரித்துவிட்டான். இவர் சிரிக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

அலுவலகம், மழைத் தூறல். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 30, புதன்

பெரியப்பா காலையிலேயே வெள்ளைச் சட்டையில் தயாராக நின்றார். ஜூலை 30 என்றால் எங்கள் வீட்டில் யாரும் காரணம் கேட்பதில்லை. 1936-ல் இதே நாளில் வேலைநிறுத்தத்தில் இருந்த சவானா மில் தொழிலாளிகள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். மறு வருடம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்தத் தொழிலாளிகளைத் திரட்டிய வ. சுப்பையாவை இவர் 'தலைவர்' என்றுதான் சொல்வார்.

அவரோடு முதலியார்பேட்டை போனேன். கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி., அதாவது ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் மில் வாசல். 1898-ல் தொடங்கிய மில். பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் இவருக்கு அது ரோடியர்தான். 2020 ஏப்ரலோடு கதவடைத்தார்கள். சுதேசி, பாரதி மில்கள் இரண்டும்கூடப் போய்விட்டன. போன வருடம் பஸ் ஸ்டாண்டு கட்டி முடியும்வரை பஸ்களை இந்த மைதானத்தில்தான் நிறுத்தினார்கள்.

"வூச் மாதிரி இங்கேயும் செஞ்சா என்ன பெரியப்பா?" என்றேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். தறிச் சத்தத்தில் காது போனவர்களுக்கு அது பழக்கம். ஷிப்டில் யாரும் பேச முடியாது, உதட்டை வைத்துத்தான் 'பாவு அறுந்திருச்சு', 'டீக்கு வா' எல்லாம். வீட்டிலும் எங்களுடன் கத்தித்தான் பேசுவார். அது கோபம் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

"செய்யட்டுமே. கட்டடம் சும்மா இடிஞ்சு கிடக்கறதுக்கு எதுவோ ஒண்ணு. தானே புயலுக்கப்புறம் மில்லு எந்திரிக்கவே இல்ல" என்றவர், என் சட்டைக் கையில் தொங்கிய நூலைப் பிடித்தார். கிள்ளிப் போடுவார் என்று பார்த்தால், இழையைப் பிரித்து, ஒரே கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக உருட்டி முடிச்சிட்டுவிட்டார். கண் சிமிட்டும் நேரம். தடவிப் பார்த்தால் முண்டே தெரியவில்லை. "முடிச்சு பெருசா இருந்தா துணியில தெரியும், கூலியில பிடிப்பான்."

இதை எந்த அருங்காட்சியகத்தில் மாட்டுவது? வெறும் சுவரை வைத்துக்கொண்டு கலை மையம் என்றால் எனக்குக் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது. காபிக் கடைக்குப் பஞ்சமா நம் ஊரில்? வெள்ளைக்காரத் தெருவில் தடுக்கி விழுந்தால் ஒன்று. ஒரே ஒரு தறியையாவது ஓட விட்டால் சரி. ஆனால் இதை யாரிடம் சொல்வது என்பதுதான்.

திரும்பி நடக்கும்போது கேட்டார்: "அந்தத் தொட்டியில, மில்லுல வேலை செஞ்சவனைக் குளிக்க விடுவாங்களா?"

ஜூலை 31, வியாழன்

மருமகனிடம் கேட்டேன். ஓட்டலில் ரூம் எடுத்தவர்களுக்காம். பெரியப்பாவிடம் சொன்னேன், இரண்டு தடவை, உதடு தெரியும்படி. "அதானே" என்று டீயை ஆற்றிக் குடித்தார்.