லைக் போடுபவர்கள் வேறு, ஆலோசனைக்கு வருபவர்கள் வேறு

ஊட்டச்சத்து ஆலோசனையைத் தொழிலாகச் செய்பவர் சமூக ஊடகத்துக்குள் நுழைந்தால் முதலில் வந்து சேர்வது வாடிக்கையாளர்கள் அல்ல, வேடிக்கை பார்ப்பவர்கள்தான். அதில் தப்பில்லை, ஆனால் இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பதிவு பிடிப்பது அபூர்வம்.

ராத்திரி ஏழு மணிக்கு மேல் சாப்பிட்டால் உடம்பு வைக்குமா என்று கிண்டலாக நான் போட்ட ரீல் பிய்த்துக்கொண்டு ஓடியது. கமெண்டில் சண்டை வேறு. அதைப் பார்த்துவிட்டு ஒருவர்கூட அப்பாயின்ட்மென்ட் கேட்கவில்லை. டயட் தொடங்கிய முதல் வாரம் எடை ஏன் மளமளவென்று இறங்குகிறது என்று நிதானமாகப் பேசிய வீடியோவுக்கு அதில் கால்வாசி பார்வைகூட இல்லை, ஆனால் வருபவர்கள் "தண்ணி எடைன்னு சொன்னீங்களே" என்று அதைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். விஷயம் இதுதான்: மாவுச்சத்தைக் குறைத்ததும் கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை) முதலில் செலவாகும், அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதுவும் கூடவே வெளியேறிவிடும். ஆக முதல் வாரம் குறைந்த 2 கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான், பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் அந்தத் தண்ணீர் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். இதை முன்னாலேயே கேட்டவர், மூன்றாவது வாரம் முள் அசையாமல் நிற்கும்போது என்னைத் திட்டுவதில்லை. விளம்பரமாக அந்த வீடியோ எப்படியோ, என் வேலையைப் பாதியாகக் குறைத்திருக்கிறது.

முன்-பின் படங்களை நான் போடாததற்கும் இதுதான் முதல் காரணம். வெளிச்சம், நிற்கிற விதம், இந்தத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரு வாரத்திலேயே ஒரு 'மாற்றத்தை'க் காட்டிவிடலாம். அப்புறம், இன்று சந்தோஷமாகப் படம் தருகிறவர் எடை திரும்ப ஏறிய பிறகும் அது அங்கேயே இருப்பதை விரும்புவாரா? அழித்தாலும் யாரோ ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்.

நேரத்தை உண்மையில் தின்பது இன்பாக்ஸ். வணக்கம்கூட இருக்காது, லேப் ரிப்போர்ட்டின் போட்டோ மட்டும் வரும், கீழே ஒரு வரி: "டாக்டர், கிரியாட்டினின் 2.1, டயட் சார்ட் அனுப்புங்க." கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு. நான் டாக்டர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுவேன். சார்ட் அனுப்ப மாட்டேன். சிறுநீரகம் பழுதாகி இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் பொதுவாகப் புரதத்தைக் குறைக்கச் சொல்வோம், டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கூட்டச் சொல்வோம். அந்த ஒரு வரியிலிருந்து அவர் எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே "இதை மெசேஜில் சொல்வது உங்களுக்கு ஆபத்து, ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றோடும் நேரில் அல்லது வீடியோவில் பேசுவோம்" என்று ஒரு பதிலை எழுதி வைத்திருக்கிறேன். சிலர் "காசுக்காகப் பேசுறீங்க" என்று கோபித்துக்கொண்டு போவார்கள். சரி, போகட்டும்.

சப்ளிமென்ட் விற்கச் சொல்லி வரும் அழைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறைபாடு இருக்கிறது என்று சொல்பவரே டப்பாவையும் நீட்டினால் யார் நம்புவார்கள்.

இந்த வேலைக்கும் அந்த மேடைக்கும் வேகம் ஒத்துப்போகவே போகாது. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். சர்க்கரை நோயாளியின் சாப்பாட்டை மாற்றினால் எச்பிஏ1சி-யில் (சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கும் ரத்தப் பரிசோதனை) அதை முழுதாகப் பார்க்க 3 மாதம் ஆகும், சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால். தினமும் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்று எடிட்டிங்கில் உட்கார்ந்தால், பழைய ஆட்களுக்கு போன் செய்து விசாரிக்கும் நேரம்தான் அடிவாங்குகிறது. அதனால் பதிவுகளைக் குறைத்துக்கொண்டேன்.

புதிதாக வருபவர்களிடம் என்னைப் பற்றி எப்படித் தெரியும் என்று படிவத்திலேயே கேட்கிறேன். "பொண்ணு வாட்ஸ்அப்ல அனுப்பினா" மாதிரியான பதில்தான் அதிகம். அனுப்பிய பெண் என்னைப் பின்தொடர்கிறாளா என்பதே சந்தேகம், வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் இன்ஸ்டாகிராமே இல்லை. அதனால் இப்போது வீடியோவில் எழுத்தைப் பெரிதாக வைக்கிறேன், பின்னணி இசையை எடுத்துவிட்டேன், கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன்.