வரப்பில் நின்று பேசியது

திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைக் கிராமம் ஒன்றில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெற்றோரைப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். 'நாளைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா.' அடிக்கடி விடுப்பு எடுத்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடமும் அதையே சொன்னேன். மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை.

நான்காம் நாள் தேடிப் போனேன். புரட்டாசி மாதம், சம்பா நடவு மும்முரம். அவன் அம்மா வயலில் இருந்தார். வரப்பில் நின்று கூப்பிட்டதும், "என்ன டீச்சர் பண்ணிட்டான்?" என்றார். ஆனால் கரையேறவில்லை. ஏற முடியாது என்பது கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் விளங்கியது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்தபடி நடுகிறார்கள். ஒருவர் நின்றுவிட்டால் அவர் பங்கு மட்டும் வெறும் சேறாகக் கிடக்கும். இடது கையில் நாற்று முடி. வலது கை இரண்டு மூன்றாகப் பிரித்து ஊன்றிக்கொண்டே இருக்கிறது. கையை நிறுத்தாமல்தான் என்னோடு பேசினார்.

காலை ஆறு மணிக்கு வயலில் இறங்கியாக வேண்டும். அங்கன்வாடி திறக்கும்வரை இரண்டு வயதுத் தங்கையைப் பையன்தான் வைத்துக்கொள்கிறான். அவளை விட்டுவிட்டு வந்தால் பள்ளிக்குத் தாமதமாகும், வெளியே நிற்க வைப்பார்கள் என்று வராமலே இருந்துவிடுவான். அப்படி நிற்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிவந்து துடைத்துப் போட்டார்கள். தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. பையன் கடைக்கு ஓடிப்போய்க் கலர் பாட்டிலோடு வந்தான். எனக்கு மனசு கனத்துப் போனது. எந்தத் தெருக்காரர் எந்தத் தெருவில் தண்ணீர் குடிப்பார் என்பதற்கு எங்கள் பக்கத்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் அந்த வீடு என்னையும் அளந்திருந்தது. "கலரைப் புள்ளைங்க குடிக்கட்டும். எனக்குச் சொம்புல தண்ணி குடுங்கக்கா" என்றேன். வாங்கிக் குடித்தேன். அதுவரை நின்றுகொண்டே இருந்தவர் அப்புறம்தான் திண்ணையில் உட்கார்ந்தார். அவன் படிப்பைப் பற்றிய பேச்சும் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நடவு முடியும்வரை அரை மணி தாமதமாக வரலாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி ஏற்பாடு செய்தேன்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அருமையான ஏற்பாடு. ஆனால் கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால் நடவுக் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்? அதனால் என் வகுப்புப் பெற்றோரை இருட்டிய பிறகு அவரவர் தெருவிலேயே சந்திக்கிறேன். தை மாதம் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஒன்று அறுவடையில் இருப்பார்கள், இல்லையென்றால் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் கிடப்பார்கள்.

இன்னொன்று, வீட்டுக்குப் போகிற முதல் சேதி நல்ல சேதியாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். பின்னக் கணக்கைத் தானாகவே போர்டில் போட்டுக் காட்டினாள் என்று ஒரு பெண்ணின் அப்பாவிடம் போனில் சொன்னேன். "வேற ஒண்ணும் இல்லியே டீச்சர்?" என்று மூன்று முறை கேட்டார். பள்ளியிலிருந்து போன் வந்தால் வம்புதான் என்று அவர் அதுவரை நினைத்திருக்கிறார்.

2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளைப் பிய்த்துப்போட்டபோது இந்தப் பழக்கம் கைகொடுத்தது. எந்தப் பிள்ளை எந்த வீடு என்று தெரிந்திருந்ததால், புத்தகம் நனைந்தவர்களின் பட்டியலை விசாரித்து எழுத ஒரே நாள் போதுமாக இருந்தது.

இந்த வருஷம் குறுவை நடவு தொடங்கிய அன்று விடிகாலை ஐந்தரைக்கு ஓர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், நான் நடவுக்குக் கிளம்பிட்டேன். பாப்பா சாப்பிட்டுட்டுத் தானா வந்துடும். தலை மட்டும் கொஞ்சம் பின்னி விட்டுடுங்க."