சாப்பாட்டுக் கடைக்கு மசாலாத் தூள் போட்ட அனுபவம்

வீட்டில் அரைத்து ஃபேஸ்புக்கில் விற்கும் மசாலாத் தூளை மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கேண்டீன்களுக்கும் போட ஆரம்பித்ததும் ஒன்று விளங்கியது: 200 கிராம் பாக்கெட்டுக்குச் செய்த விளம்பரம் கடைக்காரரிடம் எடுபடாது. கிலோ என்ன விலை, எந்தக் கிழமை வரும், பில் உண்டா, இவ்வளவுதான் அவர் கேட்பார்.

பில்லுக்கு எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயர் வைத்தால் 60. அரைக்கிறவர், கட்டுகிறவர் எல்லாரும் டைஃபாய்டு ஊசி போட்டு, உணவு கையாளும் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ஹலால் முத்திரையை நாமாக அச்சிடக்கூடாது. ஜாகிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் போட்டால் குற்றம்.

கூகுளில் தொழிலைப் பதிந்தபோது வீட்டு முகவரியை மறைத்து, சரக்கு போகும் ஊர்களாக சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ என்று கொடுத்தோம். பெயர் எஸ்எஸ்எம் தாளில் உள்ளபடியே இருக்கட்டும். மாறினால் சரிபார்ப்பில் சிக்கல். விளக்கத்தில் 'செர்புக் காரி போரோங்' (மொத்த விலைக் கறித்தூள்) என்ற மலாய்ச் சொல்லையும் சேருங்கள். கடை முதலாளிகள் பலர் மலாயில்தான் தேடுகிறார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகில் சில்லறை விலை மட்டும். மொத்த விலையையும் அங்கேயே போட்டால் வீட்டு வாடிக்கையாளரும் அதையே கேட்பார். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். "அனுப்பினோம், யாரும் பதில் சொல்லவில்லை" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் சாம்பிள் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுகிறோம்.

சாம்பிள்தான் உண்மையான விளம்பரம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மதியக் கூட்டம் கலைந்தபின், மூன்று மணிக்குப் போகவேண்டும். முதலாளியைவிடச் சமையல்காரரைப் பாருங்கள். தூளை மாற்றுவதா வேண்டாமா என்பது அவர் கையில். கிலோ கோழிக்கு 40 கிராம் வீதம் 200 கிராம் கொடுத்தால் ஐந்து கிலோ சமைத்துப் பார்க்கலாம். ஒரு கரண்டித் தூளை நாக்கில் வைத்து யாரும் ஆர்டர் கொடுக்க மாட்டார்கள். அரைத்த சூட்டிலேயே கட்டினால் பாக்கெட்டுக்குள் வியர்த்துக் கட்டி பிடிக்கும். சாம்பிளே அப்படிப் போனால் அந்தக் கடை கதவு சாத்தின மாதிரிதான். தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு அரைப்பிலும் 100 கிராம் எடுத்துத் தேதி போட்டு வைத்தால், "போன தடவை நிறம் இப்படி இல்லையே" என்கிறவருக்குக் காட்டலாம். மிளகாய் மாறினால் நிறமும் மாறும்.

அதிகம் அடி வாங்குவது கடனில். முதல் மூன்று ஆர்டருக்கு ரொக்கம் அல்லது டூயிட்நவ் (போன் வழி உடனடிப் பணப் பரிமாற்றம்). பிறகு 14 நாள் தவணை. பழைய பில் கட்டினால்தான் அடுத்த சரக்கு. டி.ஓ.வில் (சரக்கு ஒப்படைப்புச் சீட்டு) கையெழுத்தும் கடை சாப்பும் (முத்திரை) வாங்காமல் சரக்கை இறக்காதீர்கள். மாத முடிவில் "எங்கள் பையன் வாங்கவில்லை" என்பார்கள், நம்மிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆன்லைன் ஆர்டரை நிறுத்திக் கடைச் சரக்கை முதலில் ஒதுக்குகிறோம். அந்த வாரங்களில் ஒரு நாள் தவறினாலும் சமையல்காரர் பழைய தூளுக்கே போய்விடுவார்.