உகாண்டா பள்ளிக்கு போர்வெல் போடுவதற்கு முன்

எங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இப்போது ஒரே பேச்சு. இந்த வருஷச் சந்திப்புக்கு ஓட்டல் செலவு வேண்டாம், அந்தக் காசில் ஆப்பிரிக்காவில் ஒரு ஏழைக் கிராமத்துப் பள்ளிக்கு போர்வெல் போட்டுக் கொடுக்கலாம், கல்வெட்டில் நம் பேட்ச் பெயர் நிற்கும் என்று ஒருவன் ஆரம்பித்தான். போர்வெல் வண்டியோடு உகாண்டா போய் வந்தவன் என்பதால் "எவ்வளவு ஆகும், நீ சொல்லுடா" என்று என்னைக் கோத்துவிட்டார்கள். வாய்ஸ் மெசேஜில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது.

திருச்செங்கோடு, சங்ககிரி பக்கத்து வண்டிகள் இந்தியா முழுக்கப் போகும். சிலது கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போகும். நான் இருந்தது கிழக்கு உகாண்டாவில், சொரோட்டி பக்கம். ஊருக்குள்ளேயே பெரிய பாறை ஒன்று நிற்கும். பார்த்ததும் சங்ககிரி மலை ஞாபகம்தான் வந்தது. பாறை ஒரே ரகம், தண்ணீர் வேறு. ஆயிரம் அடி ஓட்டியும் புழுதி மட்டுமே பறக்கிற ஊரிலிருந்து போனவனுக்கு, அங்கே 200, 250 அடியில் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஆகவே போர் போடுவது அங்கே பெரிய பாடு இல்லை. பாடெல்லாம் அதற்கு மேல் நிற்கிற பம்பில்தான்.

அந்த பம்பை அங்கே யூ2 என்பார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் நம் பஞ்சாயத்து அடிபம்பு! யுனிசெஃப் உதவியோடு 1970களில் நம் நாட்டில் உருவான இந்தியா மார்க் 2. யூ3 என்றால் மார்க் 3. அதற்கு வழிவகுத்த சோதனைகள் 1980களில் நடந்ததே நம் கோயம்புத்தூர் பக்கம். மார்க் 2-இல் அடியில் இருக்கும் வாஷர் தேய்ந்தால் மொத்தப் பைப்பையும் மேலே இழுத்தாக வேண்டும். ஒவ்வொரு பைப்பாகக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, மரை கழற்றி, அடுத்ததை இழுக்க நாலைந்து ஆள் வேண்டும். மார்க் 3-இல் பைப் அகலம். ராடை உருவினால் பிஸ்டனும் கூடவே வந்துவிடும். இரண்டு பேர் போதும்.

வாஷர் என்னவோ சில்லறைக் காசுதான். ஆனால் டவுனுக்கு 'போடா போடா' என்று அங்கே சொல்கிற வாடகை பைக்கில் போய் வருகிற கூலி அதைவிட அதிகம். அந்தக் கூலியைக் கொடுக்கப் பள்ளியில் கணக்குத் தலைப்பே கிடையாது. பம்பு நின்றுவிட்ட பள்ளிகளில் பிள்ளைகள் காலையில் நோட்டுப் புத்தகத்தோடு ஆளுக்கொரு மஞ்சள் கேனில் தண்ணீர் சுமந்து வருவார்கள். எந்தக் குட்டையிலிருந்து எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் அடிபம்புகளில் நாலுக்கு ஒன்றாவது எந்த நேரத்திலும் ஓடாமல் நிற்கிறது என்று சொல்கிறார்கள். நான் பார்த்த வரைக்கும் நம்பக்கூடிய கணக்குதான்.

இன்னொன்று, பைப். ஒரு பள்ளியில் தலைமையாசிரியை எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். டம்ளரில் மை மாதிரி கறுப்பாக இருந்தது. அவர் கூச்சத்தோடு சிரித்தார். தண்ணீரில் புளிப்புத் தன்மை இருந்தால் ஜிஐ பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பை, அரித்துவிடும். இரும்பு கலந்த தண்ணீரில் டீத்தூள் போட்டால் கறுக்கும். துணி பழுப்பேறும், சோறு நிறம் மாறும். பம்பு நன்றாகத்தான் ஓடும், ஆனால் ஜனங்கள் பழைய குட்டைக்கே திரும்பிவிடுவார்கள். பின்னால் உகாண்டா அரசே கைப்பம்புகளுக்கு ஜிஐ பைப் கூடாது என்று சொல்லிவிட்டது. நம் ஆட்கள் காசு கொடுப்பதாக இருந்தால் முதல் கேள்வி "கல்வெட்டு எங்கே" என்று இருக்கக் கூடாது. தண்ணீரின் பிஎச், அதாவது புளிப்பு அளவு, பார்த்தீர்களா, ஸ்டெயின்லெஸ் பைப்பா, மூன்றாவது வருஷம் யார் ராடை உருவுவார்கள், அவருக்குக் கூலி எங்கிருந்து வரும்? இதைத்தான் கேட்க வேண்டும்.

நடுவில் ஒருவன் பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறுகிற பழைய வீடியோவைப் போட்டு, இதையே செய்யலாமே என்றான். பிளேபம்ப் என்று பெயர், தென்னாப்பிரிக்காவில் ஆரம்பித்தது. 2006-இல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார்கள். 2010-க்குள் 4,000 பம்புகள் என்று இலக்கு. சொன்ன அளவு தண்ணீர் வர வேண்டுமானால் பிள்ளைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது. பல இடங்களில் பெண்கள்தான் நின்று தள்ளினார்கள். வீடியோ மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்குத் தண்ணீர் மட்டும் போதாது, கழிப்பறைக்கு வருவோம். 1997-இல் உகாண்டாவில் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியதும் பள்ளிப் பிள்ளைகள் 30 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்கு மேல் போனார்கள். குழிகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. 40 பிள்ளைக்கு ஒரு குழி என்பது அரசு விதி, நடைமுறை வேறு. குழிக் கழிப்பறையிலும் நல்ல ரகம் இருக்கிறது. 1970களில் ஜிம்பாப்வேயில் பீட்டர் மார்கன் வடிவமைத்தது. குழியிலிருந்து உயரமாக ஒரு பைப் போகும், உச்சியில் கொசுவலை. காற்று நாற்றத்தை மேலே இழுத்துவிடும். உள்ளே இருட்டாக இருப்பதால் ஈ வெளிச்சத்தைத் தேடி பைப்புக்குள் ஏறி, வலையில் மாட்டிச் சாகும். இந்த மாதிரி வேலைகளுக்காக 2013-இல் அவருக்கு ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு கிடைத்தது. வலை கிழிந்தால் எல்லாம் போச்சு. ஒரு சாண் வலைதான், ஏறி மாற்ற ஆள் இல்லை.

பராமரிக்காத குழி ஆளையே விழுங்கும். 2014 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் ஐந்து வயதுப் பையன் பள்ளிக் கழிப்பறைக் குழிக்குள் விழுந்து இறந்தான். பணக்கார நாடு என்று பெயரெடுத்த நாட்டில்.

இதெல்லாம் ஆப்பிரிக்கா கதை என்று நினைப்பவர்களை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போகிறேன். போன மாதம் மேலே ஒரு குக்கிராமப் பள்ளிக்கு மோட்டார் பார்க்கப் போனேன். டைல்ஸ் ஒட்டிய புதுக் கழிப்பறை, பூட்டு தொங்குகிறது. மோட்டார் காயில் கருகி ரொம்ப நாளாச்சாம். பெரிய பொண்ணுங்க என்ன பண்றாங்க டீச்சர் என்று கேட்டேன். "காப்பித் தோட்டத்துப் பக்கம் போவாங்கண்ணா. அந்த நாட்கள்ல வரவே மாட்டாங்க" என்றார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் பள்ளிக் கழிப்பறையைக் கணக்கெடுக்கும்போது கட்டிடம் இருந்தால் மட்டும் சேர்ப்பதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி, திறந்திருக்க வேண்டும், பழுதில்லாமல் இருக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் வேண்டும். அந்தக் கணக்கில் டைல்ஸ் ஒட்டிய இந்தக் கழிப்பறை பூஜ்ஜியம்.

வகுப்பறை பற்றியும் கேட்டார்கள். வெறும் தகரம் போடாதீர்கள், அவ்வளவுதான். சித்திரை மாதம் சேலத்தில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் வாத்தியார் வாய் அசைவது மட்டும் தெரியும். ஆர்க்கிடெக்சர் படிக்கிற அண்ணன் மகள் எனக்கு ஒரு பள்ளியின் படத்தைக் காட்டினாள். புர்க்கினா ஃபாசோவில் காண்டோ கிராமம், 2001-இல் ஃபிரான்சிஸ் கேரே என்கிற ஆர்க்கிடெக்ட் தன் சொந்த ஊருக்குக் கட்டியது. சிமென்ட் கொஞ்சமாகக் கலந்து அழுத்திய மண் கல் சுவர், மேலே துளை விட்ட கூரை, அதற்கும் மேலே இடைவெளி விட்டுத் தூக்கிய தகரம். சூடு அந்த இடைவெளியில் போய்விடுகிறது. ஊர் ஜனங்களே கட்டியதால் ஓட்டை விழுந்தால் அடைக்கவும் அவர்களுக்கே தெரியும். கேரேக்கு 2022-இல் கட்டிடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

அந்த ஏற்காட்டுப் பள்ளியில் மோட்டார் சரியாகும் வரைக்கும் என்று, உகாண்டாவில் பார்த்த மாதிரி ஒன்று கட்டிக் கொடுத்தேன். கவட்டைக் குச்சி இரண்டு, குறுக்கே ஒரு கம்பு, அதில் தொங்கும் ஐந்து லிட்டர் கேன், கேனிலிருந்து கயிறு, கீழே மிதிக்க ஒரு குச்சி. மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் ஊற்றும், கை எதிலும் படாது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. சோப்பைப் பக்கத்தில் வைத்தால் காகம் தூக்கிக்கொண்டு போகிறது. இப்போது பூண்டு வாங்கின வலைப்பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். மாதம் எத்தனை சோப்பு கரைகிறது என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். டீச்சர் அனுப்பியதும், சொரோட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்குச் சோப்புக்கு மட்டும் வருஷத்துக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று அதை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.